பெட்டிக்குள் இருந்த முகங்கள்



தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தம் இல்லத்தை மந்திரிக்க என்னை அழைத்திருந்தனர். அவ்வில்லத்தின் பெரியவர் இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தொண்ணூறு வயதைக் கடந்து இறைவனடி சேர்ந்தவர். அவருடைய முதலாண்டு நினைவுத் திருப்பலியை முன்னிட்டு வீட்டை ஒழித்து வெள்ளையடித்திருந்தார்கள். மந்திரிப்பு முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், மூத்த மருமகள் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார்.

"மாமா கட்டிலுக்கு அடியில் பூட்டி வைத்திருந்தது, சாமி. பத்திரம் ஏதாவது இருக்கும் என்றுதான் திறந்தோம். பார்த்தால் எல்லாம் வெள்ளைக்கார நடிகர் நடிகைகளின் படங்கள். இதை எரித்தால் பாவமா, வைத்திருந்தால் பாவமா?"

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் பயின்ற ஒருவனுக்கு இக்கேள்விக்கு உடனே விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பாஸ்கா திருவிழாவுக்குள் சொல்கிறேன் என்று கூறிப் பெட்டியைப் பங்கு இல்லத்துக்குத் தூக்கி வந்துவிட்டேன். கோயில்பிள்ளை அதனைத் திருநாள் காணிக்கைப் பெட்டி என்று எண்ணி, மரியாதையோடு வாங்கி என் மேசைமேல் வைத்தார்.

உள்ளே 37 படங்கள் இருந்தன. சில, பழைய ஆங்கிலத் திரைப்பட இதழ்களிலிருந்து கத்தரிக்கப்பட்டவை. மற்றவை 5க்கு 7 அங்குல அளவில் உண்மையான புகைப்படங்கள். ஹாலிவுட்டுக்குக் கடிதம் எழுதினால், அந்நாளில் நிறுவனங்கள் உலகின் எம்மூலைக்கும் இவ்வாறு படங்களை அனுப்பிவைத்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வந்து சேர்ந்த நாளைப் பெரியவர் பென்சிலால் குறித்திருக்கிறார். பெரும்பாலும் 1948, 1949. அப்பொழுது அவர் பள்ளியிறுதி மாணவராக இருந்திருப்பார். தபால்தலைக்குக் காசு எங்கிருந்து கிடைத்ததோ!

இரவு செபத்துக்குப் பின் ஒவ்வொரு நாளும் சிலவற்றை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பார்த்தவுடன் பழித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயின் அவற்றின் வேலைப்பாடு என்னை நிறுத்தியது. இருட்டிலிருந்து ஒரு கன்னம் மட்டும் எழுந்து வருகிறது. இமைமயிரின் நிழல் தனித்தனியாகக் கன்னத்தின்மேல் விழுந்திருக்கிறது. கூந்தலின் ஓரத்தில் மெல்லிய ஒளி வளையம். நம் கோயில்களில் புனிதர்களின் தலைக்குப் பின்னே தீட்டுவோமே, ஏறத்தாழ அதைப் போன்றது. இவற்றைச் செய்தவர் யார் என்று அறியும் ஆவல் எழுந்தது. கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன்.

அக்காலத்தில் ஹாலிவுட்டின் பெருநிறுவனங்கள் நடிகர்களைப் பல்லாண்டு ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருந்தன. ஏழாண்டு ஒப்பந்தம் வழக்கமானது. படப்பிடிப்பு இல்லாத நாளிலும் புகைப்படத்துக்கு வந்து அமர்வது அவர்களுடைய கடமை. படப்பிடிப்புத் தளத்தில் காட்சிகளைப் படம் எடுப்பவர் ஒருவகை. தனிக்கூடத்தில் முகத்தை மட்டும் படம் எடுப்பவர் வேறொருவகை. பின்னவருக்கே மதிப்பு மிகுதி. அவர்கள் கையாண்ட கருவி பெரியது. அதில் இடப்படும் நெகட்டிவ் மட்டுமே 8க்கு 10 அங்குலம், ஏறத்தாழ ஒரு பள்ளிப்பிள்ளையின் சிலேட்டு அளவு. ஒளி குறைவாயின் அமர்ந்திருப்பவர் மூச்சை அடக்கி அசையாதிருக்க வேண்டும்.

மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தில் 1925ஆம் ஆண்டு இப்பணியை ஏற்றவர் ரூத் ஹாரியட் லூயிஸ் என்னும் 22 வயதுப் பெண். யூத இறைப்பணியாளரான ஒரு ரபியின் மகள். ஆண்களே நிறைந்திருந்த அத்தொழிலில் ஒரு நிறுவனத்தின் முகப்படக் கூடத்தை ஒரு பெண் ஏற்று நடத்தியது அரிய செய்தி. ஐந்தாண்டுகளில் அப்பணியிலிருந்து விலகினார். 1940இல் மகப்பேற்றின்போது இறந்தார். அதே நிறுவனத்தின் புகைப்படத் துறைக்குத் தலைவராக இருந்த கிளாரன்ஸ் சின்க்ளேர் புல், கிரேட்டா கார்போவை 1929 முதல் அவர் திரையுலகை விட்டு விலகிய 1941 வரை படம் எடுத்தார். கார்போவின் முகத்தை எகிப்தின் சிங்க உடற் சிலையோடு இணைத்து 1931இல் அவர் செய்த படமொன்று புகழ்பெற்றது. கத்தரிக்கப்பட்ட இதழ்த்தாளாகப் பெரியவரின் பெட்டியிலும் அது இருக்கிறது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எல்லாருக்கும் மேலாகப் பேசப்படுபவர் ஜார்ஜ் ஹரல். 1904இல் பிறந்த இவர், ஓவியராக வாழ எண்ணி 1925இல் கலிபோர்னியாவின் லகுனா கடற்கரைக்கு வந்தவர். ஓவியங்களைப் படம் எடுத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு ரமோன் நொவாரோவின் அறிமுகம் கிடைத்தது. 'பென்ஹர்' பேசாப்படத்தின் நாயகரான நொவாரோ, மெக்சிகோவில் பிறந்த கத்தோலிக்கர். 1929இல் ஹரல் எடுத்த தம் படங்களை அவர் நிறுவனத்தாருக்குக் காட்டினார். அவற்றை நார்மா ஷியரர் கண்டார். இங்கே ஒரு குடும்பக் கதை நுழைகிறது.

ஷியரரின் கணவர் இர்விங் தால்பெர்க், அந்நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர். ஒரு புதிய படத்தின் நாயகி வேடத்தை ஷியரர் விரும்பினார். கணவரோ, உனக்கு அந்தக் கவர்ச்சி போதாது என்று கருதினார். மனைவி வாதாடவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஹரலிடம் சென்று படம் எடுத்துக்கொண்டு வந்து கணவரின் முன் வைத்தார். வேடம் கிடைத்தது, அதற்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. 1930ஆம் ஆண்டுப் படம் அது. ஹரலும் அந்நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டார். தன்னோடு ஒரே மேசையில் உணவருந்தும் மனைவியின் முகத்தை, ஓர் அந்நியன் எடுத்த படத்தில் பார்த்த பிறகே அறிந்துகொண்ட கணவர் தால்பெர்க் மட்டுமா? திருமணத் தயாரிப்புப் பயிற்சிகளில் இதனை நான் சில வேளை நினைத்துக்கொள்கிறேன், சொல்வதில்லை.

ஆகவே இப்படங்களை வெறும் பொய் என்று தள்ள என்னால் இயலவில்லை. ஷியரருக்கு அது ஒரு வாயில். பெண் ஒருத்தி பிறர் கையிலிருந்த தன் முகத்தைத் தன் கையில் வாங்கிய நிகழ்ச்சி என்றும் சொல்லலாம்.

மற்றொரு பக்கமும் உண்டு. அதற்கு ஜோன் கிராஃபோர்டைப் பற்றிக் கூற வேண்டும்.

அவருடைய இயற்பெயர் லூசில் லெசூர். பெயர் நன்றாயில்லை என்று நிறுவனம் கருதி, 1925இல் ஓர் இதழின் வழியாகப் போட்டி வைத்து, வாசகர்கள் அனுப்பிய பெயர்களிலிருந்து 'ஜோன் கிராஃபோர்டு' என்பதைத் தேர்ந்தது. ஞானத்தாய் தந்தையர் இல்லாத பெயர்சூட்டு விழா! அவர் முகத்திலும் தோள்களிலும் தவிட்டு நிறப் புள்ளிகள் நிறைந்திருந்தன. வெள்ளையர் பலருக்கு இயல்பாக அமைவது அது. ஹரல் தம் முன் அமர்வோரை முகப்பூச்சு ஏதுமின்றி வரச் சொல்வார்; தோலில் எண்ணெய் தடவி ஒளி வழுக்கி ஓடும்படி செய்வார். எனவே புள்ளி ஒவ்வொன்றும் நெகட்டிவில் பதிந்துவிடும். அதன் பின்னரே டச்சிங் செய்பவர் வருவார்.

நம் ஊர்ப் புகைப்பட நிலையங்களிலும் அண்மைக்காலம் வரை இவ்வேலை நடந்தது, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நெகட்டிவில் ஒளியும் இருளும் இடம் மாறியிருக்கும். முகத்திலுள்ள கரும்புள்ளி அங்கே கண்ணாடி போல் தெளிந்திருக்கும். அவ்விடத்தைக் கூரிய பென்சில் முனையால் நிரப்பிவிட்டால், தாளில் அச்சிடும்போது அது வெளுத்து மறைந்துபோகும். ஊசி போன்ற கத்தியால் சுரண்டினால் இதற்கு நேர்மாறான விளைவு. நெகட்டிவ் சிலேட்டளவு பெரிதாயிருந்ததால் ஒவ்வொரு புள்ளியையும் தேடித் தேடி அடைக்க முடிந்தது. 1931இல் ஹரல் எடுத்த கிராஃபோர்டின் ஒரே படத்தின்மேல் ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் ஆறு மணி நேரம் குனிந்திருந்ததாகப் பதிவு உள்ளது. திருத்துவதற்கு முந்திய நிலையும் பிந்திய நிலையும் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கின்றன. முந்தியதில் சற்றுக் களைத்த, புள்ளி நிறைந்த, இருபத்தைந்து வயதளவில் உள்ள ஒரு பெண் நம்மைப் பார்க்கிறாள். பிந்தியதில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. சிலை அழகாகவே இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது.

எனக்கு இடக்கன்னத்திலிருந்து தாடை வரை ஒரு தழும்பு உண்டு. என்னிடம் ஒப்புரவு அருளடையாளம் பெற வரும் சிறுவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்கு வயதில் வடிகஞ்சி கவிழ்ந்து வெந்த இடம் அது. என் தாய் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பின்றி, மூன்று மைல் தொலைவிலிருந்த கன்னியர் மருந்தகத்துக்கு ஓடினார். 1997இல் என் குருப்பட்ட அழைப்பிதழுக்காக ஒரு நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டேன். எடுத்தவர் நான் கேளாமலே தழும்பை நீக்கிவிட்டார். படத்தைப் பார்த்தபோது நான் தடுக்கவில்லை என்பதைவிட, மகிழ்ந்தேன் என்று எழுதுவதே உண்மை. 600 அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. முதல் பிரதியைத் தாயின் கையில் கொடுத்தேன். எழுத்தறியாதவர், ஆகவே படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கன்னத்தைத் தடவினார்.

"எய்யா, இது யாரு? எம்புள்ள தழும்பு எங்க?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பு என் முகத்தில் இருந்ததேயொழிய, அதன் கதை முழுவதும் அவருடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுவாரம் முதல் திருப்பலியை நிறைவேற்றிய பின் என்னைச் 'சாமி' என்று அழைக்கத் தொடங்கியவர், சாகும்வரை 'எய்யா' என்று மீண்டும் அழைக்கவேயில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்காமல் தோமாவிடம் காட்டிய நற்செய்திப் பகுதியைப் பாஸ்காவின் இரண்டாம் ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்த அழைப்பிதழை நினையாமல் அதனை ஒருமுறையும் வாசித்து முடித்ததில்லை.

கிராஃபோர்டிடம் திரும்புவோம். தம் சுவைஞர்களை அவர் மதித்தார். வந்த கடிதங்களுக்கு ஓயாமல் மறுமொழி எழுதியவர் என்று பெயர் பெற்றவர். ஆனால் அப்பளிங்கு முகத்துக்கு அவர் வாழ்நாள் முழுவதும் வாடகை செலுத்த வேண்டியிருந்தது. 1974இல் நியூயார்க்கில் ஒரு விருந்தில் எடுக்கப்பட்ட படங்கள் மறுநாள் செய்தித்தாளில் வெளியாயின. அவற்றில் இருந்தவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, அவ்வளவே. அதைக் கண்ட பின் அவர் பொதுநிகழ்ச்சிகளை முற்றிலும் தவிர்த்துத் தம் இல்லத்துக்குள் அடைபட்டார்; 1977இல் இறந்தார். ஷார்ப் என்பவரின் பென்சில் 1931இல் அழித்த முகம், நாற்பது ஆண்டுகள் காத்திருந்து திரும்பி வந்தது போலும்.

இத்தகைய படங்களைப் பற்றி நம் திருச்சபை பேசாமலிருந்ததா? இல்லை, நிறையவே பேசியது. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கத் திரைப்பட ஒழுக்க நெறிகளை வரைந்தவர்களுள் ஒருவர் டேனியல் லார்டு என்ற இயேசு சபைக் குரு. 1934 முதல் அவற்றைக் கண்டிப்போடு செயற்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. 1936 ஜூன் 29 அன்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் குறித்துச் சுற்றுமடல் ஒன்றே வரைந்தார். திரைப்படத்தை வெறுத்து ஒதுக்காமல், அதன் பேராற்றலை உணர்ந்து எழுதிய மடல் அது. ஒழுக்க நெறிகள் விளம்பரப் படங்களையும் கட்டுப்படுத்தின. அதில் சலிப்புற்ற ஷேஃபர் என்னும் நிறுவனப் புகைப்படக்காரர் 1940இல் ஒரு குறும்பு செய்தார். செய்யக்கூடாதவை என்று தடுக்கப்பட்ட பத்தையும் ஒரே படத்தில் அடுக்கினார்: துப்பாக்கி, மதுப்புட்டி, சூதாட்டம், வீழ்ந்துகிடக்கும் காவலர், அரைகுறை ஆடைப் பெண் என எல்லாம் அதில் இருந்தன. மேலே, பத்துக் கட்டளைகளின் நடையில் ஒரு பலகை. அப்படத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஆயர் அவர்கள் பொறுத்தருள்க.

சிரித்த பின் ஒரு வருத்தமும் வந்தது. நம்மவர்கள் தோளும் காலும் எவ்வளவு தெரிகின்றன என்று அளந்தார்கள். அளக்க வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோளுக்கு உரியவளை என்ன செய்தார்கள் என்று எவ்வளவு பேர் கேட்டோம்? பெட்டியில் ஆறு படங்களாக இருப்பவர் ரீட்டா ஹேவொர்த். பெரியவருக்கு அவரைத்தான் மிகவும் பிடித்திருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அவர் 1918இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்கரீட்டா கார்மென் கன்சினோவாகப் பிறந்தார். தந்தை எட்வர்டோ, ஸ்பெயின் நாட்டு நடனக்காரர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய பன்னிரண்டு வயதில் மகளைத் தம் நடனத்துக்குத் துணையாக்கி, மெக்சிகோ எல்லையிலுள்ள டிஹுவானாவின் கேளிக்கைக் கூடங்களில் ஆடவைத்தார். திரையுலகில் நுழைந்ததும், கன்சினோ என்ற பெயர் அயல்நாட்டு வாடை வீசுகிறது என்று நீக்கப்பட்டது. தாய்வழிப் பெயரிலிருந்து 'ஹேவொர்த்' பிறந்தது. கருங்கூந்தல் செந்நிறமாக்கப்பட்டது. நெற்றி குறுகியது என்று முடிவு செய்தார்கள். மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் ஊசியைச் செலுத்தி, மின்சாரத்தால் சுட்டு, முன்மயிர் வரிசையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பல மாதங்கள் நீடித்த வலிமிகுந்த வேலை அது. கிராஃபோர்டின் நெகட்டிவைத் திருத்தினார்கள் என்றால், இவருடைய முகத்தையே நெகட்டிவாக எண்ணித் திருத்தினார்கள்.

கொலம்பியா நிறுவனத்துக்காக ராபர்ட் கோபர்ன் எடுத்த படங்கள் 1946இல் 'கில்டா' வெளியானபோது உலகெங்கும் பரவின. அவற்றுள் ஒன்று பெரியவரிடம் இருக்கிறது. பளபளக்கும் கரிய உடை, பின்னே மங்கிய வெளிச்சம். வேலைப்பாட்டில் குறை காண முடியாத படம்.

அதே ஆண்டு ஜூலை முதல் நாள், பசிபிக் பெருங்கடலின் பிக்கினித் தீவுகளில் அமெரிக்கப் படையினர் அணுகுண்டுச் சோதனை நடத்தினர். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வீசவிருந்த குண்டுக்கு அவர்கள் 'கில்டா' என்று பெயரிட்டு, அதன் மேற்புறத்தில் ரீட்டா ஹேவொர்த்தின் படமொன்றை இதழிலிருந்து வெட்டி ஒட்டினார்கள்.

அவருக்கு இது பெருமை என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அப்போது அவருடைய கணவராயிருந்த ஆர்சன் வெல்ஸ் பின்னாளில் சொன்னது வேறு: ரீட்டா சினத்தால் கொதித்தார், செய்தியாளர்களைக் கூட்டி எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பினார், அது நாட்டுப்பற்றுக்கு ஒவ்வாது என்று நிறுவனத் தலைவர் தடுத்துவிட்டார். பெயரை மாற்றியபோதும், நெற்றியைச் சுட்டபோதும் அவர் பொறுத்துக்கொண்டார். தம் முகம் ஒரு குண்டின்மேல் விழப்போகிறது என்று கேட்டபோது மட்டும், அந்த முகத்துக்குள் இருந்த பெண் கத்தியிருக்கிறாள். கேட்பார் இல்லை.

இன்னும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பெட்டியில் இல்லை. 1976இல் இலண்டன் விமான நிலையத்தில் செய்தித்தாள்காரர்கள் எடுத்தது. கூந்தல் கலைந்து, கண்கள் நிலைகொள்ளாமல், எங்கிருக்கிறோம் என்று அறியாதவராக ரீட்டா ஹேவொர்த் அதில் இருக்கிறார். குடிவெறி என்றே உலகம் தீர்ப்பெழுதியது. நான்கைந்து ஆண்டுகள் கழித்தே அது அல்சைமர் என்னும் மறதிநோய் என்று கண்டறியப்பட்டது. தாம் யார் என்பதே நினைவிலிருந்து கழன்றுபோய்க்கொண்டிருந்த அக்காலத்தில், அவரைத் தம் பொறுப்பில் வைத்துக் காத்தவர் மகள் யாஸ்மின். அந்த மகள் பின்னாளில் அந்நோயின் ஆய்வுக்காக நிதி திரட்டுவதைத் தம் பணியாகவே மேற்கொண்டார். 1987 மே 14 அன்று 68ஆம் வயதில் ரீட்டா இறந்தார். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியிலுள்ள திருச்சிலுவைக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் இவ்வாண்டு நான் வழக்கத்தைவிடச் சற்று நேரம் முழந்தாளில் இருந்ததற்குக் காரணம் இதுதான். இரத்தமும் வியர்வையும் படிந்த முகத்தை வெரோணிக்கா துணியில் ஏந்தினார் என்று மரபு கூறுகிறதே, அந்த நிலை. பின்னால் நின்ற சிறுவர்கள் சாமி தூங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்களாம்.

இப்படங்களுக்கு நேர்ந்த கதியும் விந்தையானது. படம் ஓடி முடிந்ததும் நிறுவனங்களுக்கு இவற்றால் பயனில்லை; மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போயின. ஜான் கோபல் என்னும் ஆஸ்திரியாவில் பிறந்த எழுத்தாளர், அவ்வாறு கழிக்கப்பட்டவற்றைத் தேடிச் சேர்த்ததோடு, மறக்கப்பட்டிருந்த முதிய புகைப்படக்காரர்களையும் தேடிச் சென்று பேட்டி கண்டார். 1980இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே உலகம் இவர்களைக் கலைஞர்கள் என்று ஏற்றது. அதன்பின் ஹரலின் படங்கள் ஏலத்தில் பெருவிலை போயின. 1992இல் அவர் இறக்கும்போது தம் புகழைத் தாமே கண்டுவிட்டிருந்தார். பென்சில் பிடித்த ஷார்ப் போன்றவர்களைத் தேடியவர்கள் குறைவு. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசி, ஷார்ப்பின் ஆறு மணி நேர வேலையை அவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே செய்துவிடுகிறது. பங்கு இளையோர் எடுத்த குழுப்படத்தில் எனக்கும் தழும்பு மறைந்திருந்தது. யாரும் கேட்டுச் செய்ததில்லை. கருவி தானே செய்ததாம்.

என் தாய் 2014இல் இறந்தார். அவருக்கென்று இருந்த ஒரே படம் வாக்காளர் அடையாள அட்டையில் இருந்தது. அவ்வட்டைப் படங்களின் அழகு நீங்கள் அறியாததன்று. முப்பதாம் நாள் திருப்பலிக்காகப் பெரிதாக்கித் தருமாறு அதை ஒரு நிலையத்தில் கொடுத்தேன். கணினியின் முன் அமர்ந்திருந்த தம்பி அன்போடு கேட்டார்: "ஃபாதர், அம்மாவுக்கு நெத்திச் சுருக்கத்தையும் கன்னத்துக் குழியையும் எடுத்துவிடட்டுமா? பட்டுச்சேலை ஒன்றும் போட்டுவிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

ஒன்றையும் எடுக்க வேண்டாம், ஒன்றையும் சேர்க்கவும் வேண்டாம் என்றேன். அவருக்கு என்மேல் சற்று வருத்தம். படம் இன்றும் என் அறையில் இருக்கிறது. தெளிவாக இல்லை, ஆனால் அவர்தான்.

பாஸ்கா எண்கிழமையில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். எரிக்க வேண்டாம் என்று சொன்னேன். கல்லூரியில் பயிலும் பேத்தி ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்க்க, நானறிந்த வரையில் யார் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கில்டா படம் வந்தபோது குண்டைப் பற்றியும் சொன்னேன். அவள் அதைப் பிறவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

அப்பொழுது மருமகள் பெருமையோடு சொன்னார்: "இதிலெல்லாம் அவர்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்களாம் சாமி. மாமா அடிக்கடி சொல்வார்."

நான் ஒன்றும் கூறவில்லை. நிறுவனங்களுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் அலுவலகத்துச் செயலர்களே நடிகர்களின் பெயரில் கையெழுத்திட்டார்கள் என்பதும், பலவற்றில் கையெழுத்தே அச்சில் சேர்ந்து வந்ததென்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரியவர் நம்பியிருந்ததைக் கலைக்க மனம் வரவில்லை. இம்மாத இதழ் அவ்வீட்டுக்கும் செல்கிறது என்பது இதை எழுதி முடிக்கும் வேளையில்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே அந்த அம்மையாருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிராஃபோர்டின் படம் ஒன்று நீல மையில் ஒப்பமிடப்பட்டிருக்கிறதல்லவா, அவர் தம் கடிதங்களைத் தாமே கவனித்தவர். அது அவருடைய கையாகவே இருக்கக்கூடும்.